சார்ட்டர் பைலட் ஏர்லைனுக்கு மாறுவது எப்படி: லாக்புக் முதல் லைன் ரிலீஸ் வரை

இந்தியாவில் சார்ட்டர் விமானம் ஓட்டிக்கொண்டே, ஏடிஆர் போன்ற பிராந்திய விமானத்துக்கு மாற நினைக்கும் பைலட்டுகளுக்காக இதை எழுதுகிறேன். நானும் கிங் ஏர் பி200 என்ற சிறிய இரட்டை எஞ்சின் விமானத்தில் பல வருடம் பறந்துவிட்டு ஏடிஆர் 72-600இன் வலது இருக்கைக்கு, அதாவது கோ-பைலட் இடத்துக்கு, வந்தவன். அதன் பிறகு அதே வழியில் வருகிறவர்களின் லாக்புக்கைச் சரிபார்ப்பதிலும் சிமுலேட்டர் தேர்வுக்குத் தயார் செய்வதிலும் உதவி வருகிறேன். தடுக்கி விழுந்தவர்களில் பறக்கத் தெரியாதவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. வேலைகளை வரிசை மாற்றிச் செய்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். ராஜினாமாக் கடிதத்தை முதலில் நீட்டிவிட்டு, லாக்புக்கைக் கடைசியில் திறந்தவர்கள் அவர்கள்.

ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நிற்கிறது.

1. எந்த விமானம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இன்று இந்தியாவில் பிராந்திய சேவை என்றால் பெரும்பாலும் ஏடிஆர் 72-600தான். இண்டிகோ, அலையன்ஸ் ஏர், கோவாவைத் தளமாகக் கொண்ட ஃப்ளை91 ஆகியவை அதை இயக்குகின்றன. ஸ்டார் ஏர் எம்ப்ரேயர் ஜெட் விமானங்களை வைத்திருக்கிறது. சென்னையிலிருந்து சேலத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பறந்திருந்தால் ஏடிஆரில் பயணியாக ஏற்கெனவே உட்கார்ந்திருப்பீர்கள்.

இதை முதலிலேயே முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம், உங்கள் மணிக்கணக்கின் மதிப்பு விமானத்துக்கு விமானம் மாறுவதுதான். கிங் ஏரில் பறந்தவருக்கு டர்போபிராப் (புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைன்) எஞ்சினின் டார்க் என்ற முறுக்கு விசை, காற்றைத் தடுக்காதபடி புரொப்பெல்லர் இலைகளைத் திருப்பும் ஃபெதர் எல்லாம் கைப்பழக்கம். ஏடிஆர் தேர்வில் அது நேரடியாகப் பேசும். சைட்டேஷன், ஹாக்கர் ஓட்டியவருக்கு ஜெட் வேகம் பழக்கம்; புரொப்பெல்லரைப் புதிதாகக் கற்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே மாதிரித் தயாராவதில் பொருளில்லை.

இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு, வேலை உறுதியாவதற்கு முன்பே சொந்தப் பணத்தில் டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) வாங்குவது. வீட்டை அடகு வைத்து ஏ320 ரேட்டிங் முடித்துவிட்டு, அழைப்பு வராமல் இருந்து, அந்த ரேட்டிங்கை உயிரோடு வைத்திருக்கவே மறுபடி மறுபடி சிமுலேட்டருக்குப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். நிறுவனத்தின் கடிதம் கையில் வராமல் எந்த ரேட்டிங்குக்கும் பணம் கட்டாதீர்கள். "இடம் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்கும் தரகரிடம் பேச்சைக்கூட வளர்க்காதீர்கள்.

2. லாக்புக்கை நீங்களே தணிக்கை செய்யுங்கள்

இதுதான் மொத்த வேலையில் பாதி. இரண்டு வார விடுமுறை கிடைத்தால் இதற்கே கொடுங்கள்.

மூன்று ஆவணங்களை எதிரெதிரே வையுங்கள்: உங்கள் கையெழுத்து லாக்புக், விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏவின் இ-ஜிசிஏ தளத்தில் உள்ள மின்னணு லாக்புக், ஒவ்வொரு பயணத்தையும் பராமரிப்பையும் பதியும் நிறுவனத்தின் விமான டெக் லாக். மூன்றிலும் ஒரே தேதி, ஒரே விமானப் பதிவு எண், ஒரே நேரம் இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். சார்ட்டரில் ஒரே நாளில் விமானமும் ஆளும் மாறுவது சகஜம். சென்னையிலிருந்து ஹைதராபாத் போனது ஒரு விமானம், திரும்பியது இன்னொன்று. அவசரத்தில் இரண்டையும் ஒரே பதிவு எண்ணில் எழுதிவிடுவோம். நமக்கு அது சின்னப் பிழை. தணிக்கை செய்பவருக்கு அது பறக்காத விமானத்தில் பதிந்த நேரம்.

அவர்கள் இவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2011இல் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி ஏடிபிஎல் (ஏர்லைன் கேப்டனுக்கு வேண்டிய மேல்நிலை லைசென்ஸ்) வாங்கியவர்கள் பிடிபட்டார்கள். அதன் பிறகு பைலட் ஆவணம் எதையும் யாரும் நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்வதில்லை, ஏற்கவும் கூடாது.

அடுத்து, எந்த நேரத்தை எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பறப்பு நேரம் என்பது புறப்படுவதற்காக விமானம் முதலில் நகர்ந்ததிலிருந்து, பயணம் முடிந்து நிற்கும் வரை. சக்கரம் தரையை விட்டதிலிருந்து தொட்டது வரை உள்ள நேரம் வேறு. அது எஞ்சின் பராமரிப்புக் கணக்குக்கானது. டெக் லாக்கில் இரண்டும் அருகருகே இருக்கும். சில மாதம் ஒன்றையும் சில மாதம் மற்றொன்றையும் எழுதியிருந்தால் மொத்தக் கணக்கே நம்பகம் இழக்கும்.

மூன்றாவது விஷயம் சார்ட்டர் பைலட்டுகளை மட்டுமே கடிப்பது. பி200 போன்ற விமானம் ஒரே பைலட் ஓட்டலாம் என்று சான்றளிக்கப்பட்டது. அதன் வலது இருக்கையில் கோ-பைலட்டாக உட்கார்ந்த நேரம் முழுதாகச் சேருமா? சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பு இதற்கு விடை சொல்கிறது. ஒற்றைப் பைலட் விமானத்தில் கோ-பைலட் வேண்டும் என்று அரசு விதித்திருந்தால், அந்த நேரத்தில் 50 சதவீதத்துக்கு மேல் மேல்நிலை லைசென்ஸுக்கான மொத்தக் கணக்கில் சேராது. விமானம் இருவர் ஓட்டும்படி பொருத்தப்பட்டு, இருவர் முறையில் இயக்கப்பட்டால் மட்டும் முழு நேரத்தையும் அரசு அனுமதிக்கலாம்.

ஓர் இளைஞர் 1,540 மணி நேரம் என்று மகிழ்ச்சியோடு என்னிடம் வந்தார். அதில் 600 மணி பி200இன் வலது இருக்கை. விமானம் இருவர் முறையில் இயக்கப்பட்டது என்பதைக் காட்டும் பக்கம் அவரிடம் இல்லை. 600 பாதியாகி 300 ஆனால் மொத்தம் 1,240. ஏடிபிஎல்லுக்கு வேண்டிய 1,500க்குக் கீழே. மேஜையில் கால்குலேட்டரை வைத்துவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் ராஜினாமா கொடுத்திருந்தார்.

ஆகவே, உங்கள் நிறுவனத்தின் இயக்கக் கையேட்டில் இரு பைலட் முறை பற்றிய பக்கத்தின் சான்றிட்ட நகலை இப்போதே, உள்ளே இருக்கும்போதே, வாங்கி வையுங்கள். வெளியே வந்த பிறகு யாரும் உங்களுக்காக ஃபைலைத் திறக்க மாட்டார்கள்.

கடைசியாக, கமாண்டர் நேரம். ஒரே பயணத்தில் இரண்டு பேரும் தன்னைக் கமாண்டர் என்று எழுதிக்கொண்ட லாக்புக்குகள் உண்டு. கமாண்டர் ஒருவர்தான். மேற்பார்வையில் ஓட்டிய கமாண்டர் நேரத்துக்குத் தனிப் பத்தி இருக்கிறது. அதற்கு மேற்பார்வையிட்டவரின் கையெழுத்து வேண்டும். சந்தேகம் உள்ள நேரத்தைக் குறைத்து எழுதுங்கள். 40 மணி நேரம் குறைவதால் எந்த நேர்முகமும் கைவிட்டுப் போகாது. 40 மணி நேரத்தைக் கூட்டிக் காட்டினால் லைசென்ஸே போகும்.

3. ஏடிபிஎல் தேர்வுகளை இப்போதே எழுதுங்கள்

ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது கோ-பைலட்டாக, சேரச் சிபிஎல் (வணிகப் பைலட் லைசென்ஸ்) போதும். பிறகு ஏன் அவசரம்? சிபிஎல்லில் 5,700 கிலோ வரையுள்ள விமானத்துக்குத்தான் வணிகப் பயணத்தில் கமாண்டராக இருக்க முடியும். பி200இன் உச்ச எடை 5,670 கிலோ. அதனால்தான் சார்ட்டரில் சிபிஎல்லோடு கேப்டன் ஆக முடிந்தது. ஏடிஆரின் உச்ச எடை 23 டன். அங்கே இடது இருக்கைக்கு ஏடிபிஎல் கட்டாயம்.

ஏடிபிஎல்லுக்கு மொத்தம் 1,500 மணி நேரம் வேண்டும். அதற்குள்ளே கமாண்டர் நேரம், இரவு நேரம், கருவி நேரம் என்று உள்கணக்குகள் உண்டு. இரண்டாம் படியில் நீங்கள் பிரித்த பத்திகள் இங்கே பயன்படும். ஏர் நேவிகேஷன், வானிலையியல், ரேடியோ எய்ட்ஸ் மற்றும் கருவிகள் ஆகியவை எழுத வேண்டிய தாள்கள். தேர்ச்சிக்கு 70 மதிப்பெண்.

சார்ட்டரில் இருக்கும்போதே எழுதச் சொல்வதற்குக் காரணம் நேரம். வெளியூரில் பயணியின் கூட்டம் முடியும் வரை ஆறு மணி நேரம் ஓட்டல் அறையில் காத்திருப்போமே, அந்த நேரம் ஏர்லைனில் கிடைக்காது. அங்கே ஒரு நாளில் நான்கு பயணம், நடுவே அரை மணி நேரம் தரையில். நான் நேவிகேஷன் தாளுக்குப் படித்தது முழுக்க அப்படிப்பட்ட காத்திருப்பு அறைகளில்தான்.

4. எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள்

முதல் வகுப்பு மெடிக்கல், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளைப் பார்த்தே பறக்கும் தகுதி), திறன் சோதனை, ஆங்கிலத் தகுதி, ரேடியோ லைசென்ஸ், ஆபத்தான சரக்குப் பயிற்சி, சிஆர்எம் (குழுவாக வேலை செய்யும் பயிற்சி), அவசரகாலப் பயிற்சி, பாஸ்போர்ட். ஒவ்வொன்றுக்கும் எதிரே காலாவதித் தேதி. அவ்வளவுதான் இந்தப் படி.

லைசென்ஸ் அட்டையில் நீண்ட காலம் அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாறுகிறார்கள். 2023இல் சிபிஎல், ஏடிபிஎல் செல்லுபடிக் காலம் 5 வருடத்திலிருந்து 10 வருடமாக நீட்டப்பட்டது உண்மை. ஆனால் மெடிக்கலும் சோதனைகளும் காலாவதியானால் அந்த அட்டையை வைத்துப் பறக்க முடியாது. சார்ட்டர் விமானம் மூன்று மாதம் பராமரிப்புக் கூடத்தில் நின்றால், அதற்குள் உங்கள் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் சத்தமில்லாமல் போய்விடும். ஏர்லைனில் இதைக் கணினி கண்காணிக்கும். சார்ட்டரில் நீங்கள்தான் கண்காணிக்க வேண்டும்.

ஆங்கிலத் தகுதி நான்காம் நிலை என்றால் மூன்று வருடத்தில் மறுதேர்வு. ரேடியோ லைசென்ஸ் வேலை, 2025 ஜனவரி 1 அன்று பாரதிய வாயுயான் அதிநியம் நடைமுறைக்கு வந்ததோடு, தொலைத்தொடர்புத் துறையிலிருந்து டிஜிசிஏவின் பொறுப்புக்கு வந்தது. பழைய நண்பர்கள் சொல்லும் வழிமுறையைப் பின்பற்றாமல் இன்றைய வழிமுறையைப் பாருங்கள்.

5. பழைய நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் படியுங்கள், ஆனால் ராஜினாமா வேண்டாம்

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடுங்கள்: எத்தனை மாத முன்னறிவிப்பு, பயிற்சிச் செலவுக்காக எழுதிக் கொடுத்த பாண்ட் எவ்வளவு மிச்சம், தடையின்மைச் சான்று யார் கையெழுத்தில் வரும். நீங்கள் நல்லபடியாக வெளியேறியதைக் காட்டும் அந்தச் சான்றைப் புதிய நிறுவனம் கேட்கும்.

நான் வெளியேறியபோது என் சான்று பல வாரம் ஒரு மேஜையிலேயே கிடந்தது. கேட்டபோதெல்லாம் "அடுத்த வாரம்" என்ற ஒரே பதில். புதிய இடத்தின் தரைப்பயிற்சி தொடங்க நான்கு நாள் இருக்கும்போது அது கைக்கு வந்தது. அந்த வாரங்களில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிலிருந்து எல்லோருக்கும் சொல்கிறேன்: எல்லாக் கோரிக்கையையும் எழுத்தில், தேதியோடு, மின்னஞ்சலில் வையுங்கள். காரிடாரில் கிடைத்த வாய்வார்த்தையை நம்பிப் பயிற்சித் தேதிக்குச் சம்மதிக்காதீர்கள்.

இன்னொரு கணக்கையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 2017இல் டிஜிசிஏ, விமான நிறுவனப் பைலட்டுகளின் முன்னறிவிப்புக் காலத்தைக் கமாண்டருக்கு ஒரு வருடம், கோ-பைலட்டுக்கு ஆறு மாதம் என்று வைத்தது. அதாவது ஏர்லைனில் நுழைந்த பிறகு மனம் மாறினாலும் ஆறு மாதம் உங்களைக் கட்டி வைக்கும். ஒரு நிறுவனத்தில் தற்காலிகமாக உட்கார்ந்துகொண்டு இன்னொன்றுக்குக் காத்திருக்கலாம் என்ற திட்டம் இதனாலேயே உடைகிறது.

6. விண்ணப்பம்

சுயவிவரம் ஒரே பக்கம். மேலே மணிக்கணக்கு: மொத்தம், கமாண்டர், பல எஞ்சின் டர்பைன், இருவர் முறை, இரவு, கருவி, கடைசி ஆறு மாதம், கடைசி 12 மாதம். அதன் கீழே லைசென்ஸ்களும் தேதிகளும். எந்தப் பிரமுகரை எங்கே ஏற்றிச் சென்றீர்கள் என்று ஒரு வார்த்தை கூடாது. அது பயணியின் ரகசியம். அதை எழுதுபவர் நாளை இங்கிருந்தும் ரகசியத்தை வெளியே கொண்டு போவார் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

சம்பவம், எச்சரிக்கைக் கடிதம், மதுவுக்கான மூச்சுச் சோதனை விவகாரம் ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். கேட்கும் இடத்தில் நேராக எழுதி, அதன்பின் என்ன திருத்திக்கொண்டீர்கள் என்று இரண்டு வரி சேருங்கள்.

7. எழுத்துத் தேர்வும் நேர்முகமும்

சார்ட்டர் பைலட்டுகள் பெர்ஃபார்மன்ஸ் கேள்விகளில் தடுமாறுகிறார்கள். நீண்ட ஓடுபாதையில் சிறிய விமானத்தை இறக்கியே பழகியதால் அந்தக் கணக்கு மங்கிப்போகிறது. 5,700 கிலோவுக்கு உட்பட்ட பல விமானங்களுக்கு, புறப்படும்போது ஒரு எஞ்சின் நின்றால் நிச்சயம் இவ்வளவு ஏறும் என்ற உத்தரவாதமே சான்றிதழில் இல்லை. ஏடிஆருக்கு உண்டு. வி1 (புறப்பாட்டை நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுக்கும் வேகம்), விஆர் (மூக்கைத் தூக்கும் வேகம்), வி2 (ஒரு எஞ்சினில் பாதுகாப்பாக ஏறும் வேகம்) ஆகியவை ஏன் இருக்கின்றன என்பதை இந்த உத்தரவாதத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு எஞ்சின் விமானம் ஒரு எஞ்சினில் இரண்டாம் கட்ட ஏற்றத்தில், அதாவது சக்கரம் மடங்கிய பிறகு, குறைந்தது 2.4 சதவீதச் சாய்வில் மேலேற வேண்டும் என்ற எண் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

இறங்கும் தூரமும் அப்படியே. புறப்படும் முன் போடும் கணக்கில் டர்போபிராப், கிடைக்கும் ஓடுபாதையின் 70 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஜெட் என்றால் 60 சதவீதம். 1,800 மீட்டர் ஓடுபாதை என்றால் ஏடிஆருக்கு 1,260 மீட்டர். மனப்பாடம் செய்தவரிடம் "மீதி 30 சதவீதம் எதற்கு?" என்று கேட்டால் விழிப்பார். வேகம் சற்றுக் கூடினாலும், தொடும் இடம் தள்ளினாலும், பிரேக் முழுதாகப் பிடிக்காவிட்டாலும் அந்த 30 சதவீதம்தான் காப்பாற்றும் என்று சொல்பவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

"ஏன் சார்ட்டரை விடுகிறீர்கள்?" என்பது நிச்சயம் வரும். பழைய முதலாளியைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள். குறை உண்மையாகவே இருந்தாலும் அந்த அறை அதற்கு இடமல்ல. சார்ட்டரில் தனியாக எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள்: பயணி வற்புறுத்தியும் வானிலைக்காகப் புறப்பட மறுத்த நாள் எல்லோருக்கும் ஒன்றாவது இருக்கும். அந்த அனுபவம் இருநூறு மணி நேரத்தோடு வரும் புதியவரிடம் இருக்காது.

8. சிமுலேட்டர் மதிப்பீடு

பெரும்பாலும் கேட்பது இவைதான்: ஆட்டோபைலட் இல்லாமல் புறப்பாடு, விமானத்தை நன்றாகச் சாய்த்துத் திருப்புவது, ஹோல்டிங் (ஒரே இடத்தில் வட்டமிட்டுக் காத்திருப்பது), ஐஎல்எஸ் (ரேடியோ வழிகாட்டலில் ஓடுபாதைக்கு இறங்குவது), கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறுவது), ஒரு எஞ்சின் நிறுத்தம். நேரம் ஒரு மணிக்குள். உங்களுக்குத் தெரியாத விமானம் என்பது தேர்வாளருக்கும் தெரியும். விமானத்தைப் பற்றிய அறிவை அவர் எதிர்பார்க்கவில்லை.

அப்படியானால் எதை எதிர்பார்க்கிறார்? கிங் ஏரில் 2,800 மணி நேரம் கண்ட ஒரு கேப்டனை இதற்குத் தயார் செய்தேன். ஊசி அசையாமல் ஓட்டினார். உயரம் 50 அடிகூட விலகவில்லை. ஆனால் கியரைத் தானே தூக்கினார், ஹெடிங்கைத் தானே திருப்பினார், ரேடியோவில் தானே பேசினார், எஞ்சின் நின்றதும் கை தானாகப் போய் லீவரை இழுத்தது. முடிந்ததும் தேர்வாளர் ஒன்றுதான் கேட்டாராம்: "சார், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தாரே, அவரிடம் எப்போதாவது ஏதாவது கேட்டீர்களா?" அந்த முறை அவர் தேர்வாகவில்லை.

இருவர் முறையில் லீவரைத் தொடுவதற்கு முன் எது என்று சொல்லி, மற்றவர் உறுதி செய்த பிறகே நகர்த்த வேண்டும். இது வெறும் சடங்கல்ல. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியா 235 என்ற ஏடிஆர் 72-600இல் வலது எஞ்சினின் புரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆனது; நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினின் சக்தியைக் குறைத்து அதையே நிறுத்திவிட்டார்கள். 2023 ஜனவரி 15 அன்று போக்கராவில் எட்டி ஏர்லைன்ஸ் 691இல் இறங்குவதற்காக இறக்கையின் பின்மடிப்பை விரிக்க ஃப்ளாப் 30 என்று கேட்டபோது, ஃப்ளாப் லீவருக்குப் பதிலாக, புரொப்பெல்லரைக் கட்டுப்படுத்தும் இரண்டு கண்டிஷன் லீவர்களும் ஃபெதர் நிலைக்கு நகர்த்தப்பட்டன. 72 பேர் இறந்தார்கள். இரண்டும் ஏடிஆர் குடும்பம். இரண்டிலும் ஒரு கை தவறான லீவரில் இருந்தது. தேர்வாளர் உங்கள் கையைப் பார்க்கும்போது இவற்றைத்தான் நினைக்கிறார்.

பயிற்சி செய்ய சிமுலேட்டர் வேண்டியதில்லை. வீட்டில் இரண்டு நாற்காலி போட்டு, மனைவியையோ தம்பியையோ பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு செயலையும் சொல்லிப் பதில் வாங்கிச் செய்யுங்கள். "பாசிட்டிவ் ரேட்" (விமானம் ஏறுகிறது) என்று அவர் சொன்ன பிறகே நீங்கள் "கியர் அப்" என்று கேட்க வேண்டும். பத்து நாள் செய்தால் வாய் பழகிவிடும். முதல் மூன்று நாள் கூச்சமாக இருக்கும், அதற்காக நிறுத்தாதீர்கள்.

தவறு நேர்ந்தால் உடனே சொல்லித் திருத்துங்கள். "உயரம் 100 அடி கூடிவிட்டது, திருத்துகிறேன்" என்று சொன்னவரைத் தேர்வாளர் நம்புகிறார். சொல்லாமல் மெல்ல இறக்கியவரை நம்புவதில்லை.

9. கடிதம் வந்த பிறகு

இப்போதுதான் ராஜினாமா. அதற்கு முன் கடிதத்தில் பாண்ட் தொகை, அது வருடத்துக்கு எவ்வளவு குறையும், பயிற்சியில் தேறாவிட்டால் யார் பணம் கட்டுவது, தளம் எந்த ஊர், பயிற்சிக் காலச் சம்பளம் ஆகியவற்றைப் படியுங்கள். பயிற்சிக் காலத்தில் சம்பளம் குறையும். ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே வைத்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும் என்பது என் கண்டிப்பான கருத்து.

சேர்ந்த தேதியே சீனியாரிட்டி. கேப்டன் ஆகும் வரிசை, விடுமுறை, தளம் எல்லாம் அதைப் பொறுத்து அமையும். ஆகவே இரண்டு பயிற்சி வகுப்புகளில் எது வேண்டும் என்று கேட்டால், முன்னறிவிப்புக் காலம் அனுமதிக்கும் வரை முந்தையதைச் சொல்லுங்கள்.

விமான நிலைய நுழைவு அட்டைக்கான பின்னணிச் சரிபார்ப்பு காவல் நிலையம் வழியாக நடக்கும். கடந்த வருடங்களில் தங்கிய முகவரிகளை ஒழுங்காக எழுதிக் கொடுங்கள். சார்ட்டர் பைலட் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்; ஒரு முகவரி பொருந்தாவிட்டால் வாரக்கணக்கில் தாமதம்.

10. தரைப்பயிற்சியும் டைப் ரேட்டிங்கும்

வகுப்பு, அசையாத பயிற்சிக் கருவி, முழு அசைவுச் சிமுலேட்டர், திறன் சோதனை, பிறகு லைசென்ஸில் பதிவு என்பது பொது வரிசை. வகுப்புக்குப் போகும் முன்பே ஏடிஆர் காக்பிட்டின் பெரிய படத்தைச் சுவரில் ஒட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பொத்தான் எங்கே என்று தொட முடிந்தால், வகுப்பில் மூளை சிஸ்டத்தைப் புரிந்துகொள்ள மிச்சமிருக்கும்.

ஏடிஆருக்கு என்று சில தனிக்குணங்கள் உண்டு. தரையில் மின்சாரமும் குளிர்க்காற்றும் கொடுக்கத் தனித் துணை எஞ்சின் கிடையாது. வலது எஞ்சின் ஓடும், அதன் புரொப்பெல்லரைப் பிரேக் பிடித்து நிறுத்தியிருக்கும். இதை ஓட்டல் மோடு என்பார்கள். பயணிகள் பின்கதவு வழியாக ஏறுவார்கள், சரக்கு முன்னால் போகும். ஏற்றும் வரிசை தவறினால் வால் கீழே சாயும் என்பதால் பின்னால் முட்டு கொடுப்பார்கள். எடைச் சமநிலையைக் கிங் ஏர் போல மனக்கணக்கில் முடிக்க முடியாது.

11. லைன் பயிற்சி: எதை விட வேண்டும்

சார்ட்டரில் எரிபொருள், பார்க்கிங், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்குக் கொடுக்கும் பயணத் திட்டம், வான் பாதுகாப்பு அனுமதி எண், விமானத் தகவல் மைய எண், பயணியின் பெட்டி வரை எல்லாம் நாமே பார்ப்போம். ஏர்லைனில் பயணத்தைத் திட்டமிடும் டிஸ்பேட்ச் பிரிவு எல்லாவற்றையும் தயார் செய்து தரும். கேப்டனாக இருந்து வந்தவர்கள் இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள்: ஒருவர் எல்லாவற்றையும் தானே மறுபடி செய்யப் போய் நேரத்தைத் தொலைப்பார், மற்றவர் படிக்காமல் கையெழுத்திடுவார். வானிலை, எரிபொருள், மாற்று நிலையம் ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். மீதியை அவர்களிடம் விடுங்கள்.

ஒவ்வொரு பயணத்தின் பதிவும் கணினியில் ஆராயப்படும். நிலைபெறாத அணுகுமுறை, வேகமான இறக்கம் எல்லாம் தரையில் தெரியும். 1,000 அடியில் வேகமும் ஃப்ளாப்பும் இறங்கு விகிதமும் சரியாக இல்லையென்றால் கோ-அரவுண்ட். பயணி அவசரம் என்று இறக்கிச் சமாளித்த சார்ட்டர் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். கோ-அரவுண்ட் போனதற்காக உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள். போகாததற்குக் கேட்பார்கள்.

வானிலையில் பெரிய மாற்றம் உயரம். கிங் ஏர் 35,000 அடி வரை போகும் விமானம். மழை மேகத்தின் பெரும்பகுதிக்கு மேலே ஏறிப் பழகியிருப்பீர்கள். ஏடிஆரின் எல்லை 25,000 அடி. குறுகிய பயணத்தில் 16,000, 18,000 அடியில்தான் இருப்பீர்கள். தென்னிந்தியாவில் உறைநிலை ஏறத்தாழ 16,000 அடியில் இருக்கிறது. அதாவது பருவமழைக் காலத்தில் பனி படியும் அடுக்கிலேயே நீங்கள் பயணம் செய்கிறீர்கள். பனிக்கான குறைந்தபட்ச வேகத்தைக் குறித்து வைப்பதும், வேகம் மெல்லக் குறைவதை ஆட்டோபைலட் மறைத்துவிடாதபடி கண்ணை அதில் வைப்பதும் முதல் நாளிலிருந்தே பழக வேண்டியவை. சுற்றிப் போக வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். மேகத்தின் அருகில் போய்க் கேட்டால் இடம் கிடைக்காது.

தினமும் ஒரு சின்னக் குறிப்பேட்டில் பயிற்சிக் கேப்டன் சொன்னதை எழுதுங்கள். ஐந்து கேப்டன்கள் ஐந்து விதமாகச் சொல்வார்கள். முரண் வந்தால் எஸ்ஓபி (நிறுவனத்தின் செயல்முறை விதிகள்) புத்தகத்தின் பக்க எண்ணைக் கண்டுபிடித்து எழுதுங்கள். "என் பழைய விமானத்தில் இப்படிச் செய்வோம்" என்ற வாக்கியத்தை முதல் ஆறு மாதம் சொல்லாதீர்கள். இதை மட்டும் விட்டவர்கள் மற்றவர்களைவிட வேகமாக ரிலீஸ் ஆனதை, அதாவது பயிற்சி முடிந்து வழக்கமான பயணங்களுக்கு அனுமதி பெற்றதை, பார்த்திருக்கிறேன்.

ரிலீஸ் சோதனை முடிந்த அன்று மாலையே மின்னணு லாக்புக்கில் பதிவைச் சரிபார்த்து, அடுத்த திறன் சோதனையின் தேதியை நான்காம் படியில் எழுதிய தாளில் சேருங்கள். அந்தத் தாளின் கீழே ஏடிபிஎல்லுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் வேண்டும் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். இனி ஒவ்வொரு மாதமும் அந்த எண்ணை அழித்துக் குறைத்து எழுதிக்கொண்டே வரலாம்.